அட்டையில் இல்லாத அரை இன்ச்: ஒரு பேட்டர்ன் மாஸ்டர் கம்ப்யூட்டருக்கு வந்த எட்டு மாதம்

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் யூனிட்டில், கையால் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், வெட்டிவந்த மாஸ்டர் ஒருவரும், ஃபேஷன் டிசைன் படித்துவிட்டு வந்த பெண் ஒருவரும் சேர்ந்து கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடக் கற்றுக்கொண்ட பதிவு இது. அப்போது அங்கே சாம்பிள் செக்‌ஷன் என் பொறுப்பில் இருந்தது. நடந்த பிழைகளில் பெரியது என் கையெழுத்தோடு நடந்தது, அதையும் மறைக்கவில்லை. இருவரின் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சூழல்

யூனிட்டில் சுமார் அறுபது மிஷின். ஆண்கள் ரவுண்ட் நெக், போலோ, கொஞ்சம் நைட்வேர். ஐரோப்பிய ஆர்டர்கள், வாங்குபவர் சார்பில் இயங்கும் பையிங் ஆபீஸ் வழியாக வரும். தைத்த சட்டைக்கு வேண்டிய அளவுகள் கொண்ட ஸ்பெக் ஷீட் வந்ததும் மாஸ்டர் பிரவுன் பேப்பரில் எம் சைஸ் வரைவார். ஃபிட் சாம்பிள் அப்ரூவல் ஆனால் அதையே அட்டையில் எடுத்து வெட்டிவிடுவார். அந்த அட்டை வெளியே ஒரு கேட் சென்டருக்குப் போகும். கேட் என்பது சி.ஏ.டி., கம்ப்யூட்டரில் வடிவம் வரைவது; ஊரில் யாரும் அதை எழுத்தெழுத்தாகச் சொல்வதில்லை. சென்டரில் அட்டையை டிஜிடைஸ் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, மற்ற சைஸ்களுக்கு அளவைக் கூட்டிக் குறைத்து கிரேடிங் போட்டு, துணிமேல் விரித்து வெட்டுவதற்கான மார்க்கர் பேப்பரைச் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு பல வருடம் குறையில்லாமல் ஓடியது. இரண்டு விஷயம் அதை அசைத்தன. சைஸ் செட்டில், அதாவது எல்லா சைஸிலும் தைக்கும் சாம்பிளில், ஒரு திருத்தம் வந்தால் அட்டை சென்டருக்குப் போய்த் திரும்ப ஒன்றரை நாள் ஆனது. அடுத்ததாக, பையிங் ஆபீஸ் பேட்டர்னையே கோப்பாகக் கேட்க ஆரம்பித்தது. டிஎக்ஸ்எஃப் என்ற கோப்பு வடிவத்தில் கொடுத்தால் அவர்களுடைய டெக்னீஷியன் அங்கேயே திறந்து பார்ப்பார், முப்பரிமாண சாம்பிளும் போட்டுக்கொள்வார். எங்களிடம் இருந்ததோ ஆணியில் தொங்கும் அட்டைகள்.

முதலாளி பேட்டர்ன் மென்பொருள் லைசென்ஸும், நிஜ அளவில் பேப்பரில் வரைந்து தரும் பிளாட்டரும் வாங்க முடிவெடுத்தார். ஜெர்பர், லெக்ட்ரா, ஆப்டிடெக்ஸ், டூகா என்று டெமோக்கள் நடந்தன. ஜெர்பரை லெக்ட்ரா 2021இல் வாங்கிவிட்டது என்று யாரோ சொன்னதும், "அப்ப பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் ஒண்ணாயிருச்சு, வெல பேச முடியாது" என்று சிரித்தார். கடைசியில் எதை வாங்கினோம் என்பது இங்கே தேவையில்லை. கீழே வரும் தப்புகள் எதுவும் மென்பொருளின் தப்பல்ல.

இருவர்

மாஸ்டருக்கு நாற்பத்தேழு வயது, எட்டாம் வகுப்பு வரை படிப்பு. பதினெட்டு வயதில் கட்டிங் டேபிளில் துணி விரிக்க வந்தவர், அங்கிருந்தே மேலே வந்தார். ஸ்பெக் ஷீட்டில் செ.மீ. இருந்தாலும் அவருடைய மனக்கணக்கு இன்ச்சிலும் நூலிலும்தான் ஓடும். ஓர் இன்ச்சுக்கு எட்டு நூல். "ஆர்ம்ஹோல்ல ரெண்டு நூல் குழி எடு" என்பார். ஆர்ம்ஹோல் என்பது உடம்புத் துண்டில் கை மூட்டும் வளைவு. கையும் அப்படியே போய் நிற்கும்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு. கோவையில் படித்தவர். கல்லூரியில் இதே வகை மென்பொருளில் பேட்டர்ன் போட்டுப் பழகியிருந்தார், கை வேகமாக இருந்தது. ஆனால் துணியை நாற்பது அடுக்காக விரித்து லே போட்ட டேபிள் பக்கத்தில் அதுவரை நின்றதில்லை. ஒரே துணி காலையில் ஒரு மாதிரியும், ஒரு நாள் ஆறவிட்டால் வேறு மாதிரியும் அளவு காட்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தார், அவ்வளவே.

மாஸ்டர் கற்கட்டும், அந்தப் பெண் கற்றுக்கொடுக்கட்டும் என்பதுதான் என் திட்டம். மென்பொருள் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது முறைதானே என்று நினைத்தேன்.

ஐந்து நாள் பயிற்சி

மென்பொருள் விற்றவர்களின் பயிற்சியாளர் ஐந்து நாள் வந்தார். மெனுவின் இடது மூலையில் தொடங்கி வலது மூலை வரை ஒவ்வொரு பட்டனாக. முதல் நாள் மாஸ்டர் நோட்டில் குறிப்பெடுத்தார். இரண்டாம் நாள் ஸ்பெல்லிங் கேட்டுக் கேட்டு எழுதினார். மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு "சாம்பிள் ஒண்ணு அவசரங்" என்று எழுந்து போனவர் திரும்பவில்லை.

வயதானவர், இங்கிலீஷ் வராது, விட்டுவிட்டார் என்று நான் முடிவுகட்டினேன். அது பாதிதான் சரி. மீதிப் பாதியை அந்தப் பெண் கவனித்திருந்தார். திரையில் ஃப்ரன்ட் பேனல் முழுதாகத் தெரியும்போது அது ஒரு ஜாண்தான் இருக்கும். மாஸ்டர் முதல் நாளே கேட்டாராம்: "ஏங் கண்ணு, இதென்ன கொழந்தச் சட்டையாட்ட இருக்குது?" பெரிதாக்கிக் காட்டினால் ஆர்ம்ஹோல் மட்டும் தெரிகிறது, கழுத்து போய்விடுகிறது. இருபத்தேழு வருடமாக நிஜ அளவில் மட்டுமே வளைவைப் பார்த்த கண்ணுக்கு, சுருங்கிய வளைவு சரியா தப்பா என்று சொல்ல எதுவும் பிடிகொடுக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் போனது மெனு மட்டுமல்ல, தன் சொந்த பேட்டர்னே.

இதை அப்போதே எனக்குச் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட் வேலை முழுவதையும் அந்தப் பெண்ணிடம் விட்டேன். மாஸ்டர் வழக்கம்போல அட்டை வெட்டிக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

முதல் அட்டை

இரண்டாம் மாதம். ஆண்கள் ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி, எம் முதல் எக்ஸ்எக்ஸ்எல் வரை நான்கு சைஸ், நான்கு கலர், மொத்தம் 2,400 பீஸ். இதையே முதல் உள்வேலையாக எடுத்தோம்.

மாஸ்டரிடம் இதற்குப் பொருந்தும் பழைய அட்டை ஒன்று இருந்தது. ஆறு வருடம் பென்சில் ஓடி ஓடி அதன் ஓரம் மழுங்கியிருந்தது. சைடு சீம் மூலை உருண்டிருந்தது. அந்தப் பெண் அதை டிஜிடைசர் போர்டில் ஒட்டி, ஓரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக எடுத்தார். துல்லியமாக இருக்கட்டும் என்று ஆர்ம்ஹோல் வளைவில் மட்டும் இருபதுக்கு மேல் புள்ளி வைத்தார். திரையில் அழகாகத்தான் தெரிந்தது. நானும் பார்த்தேன்.

பிளாட்டரில் முதல் பேப்பர் வந்ததும் சரிபார்க்க மாஸ்டரைக் கூப்பிட்டோம். அவர் பேப்பரைப் பார்க்கக்கூட இல்லை. டேபிளில் விரித்து, கட்டைவிரல் நகத்தை ஆர்ம்ஹோல் கோட்டின்மேல் வைத்துத் தோளிலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். முக்கால் பங்கு வந்ததும் விரல் நின்றது. "இங்க ஒரு முண்டு இருக்குது, அம்மணி." நாங்கள் குனிந்து பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. கோடு ஓடிய இடத்தைக் கத்தரித்து எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோதுதான் புலப்பட்டது. அட்டையின் ஓரத்தில் இருந்த ஒரு பிசிறை இரண்டு புள்ளிகள் அப்படியே பிடித்து வைத்திருந்தன.

அன்று அந்தப் பெண் தானாகவே ஒரு காரியம் செய்தார். வளைவின் புள்ளிகளை எல்லாம் அழித்து, ஐந்தே புள்ளியில் மறுபடி வரைந்தார். வளைவு வழுக்கிக்கொண்டு ஓடியது. புள்ளி கூடினால் துல்லியம் கூடும் என்பது வளைவுக்குப் பொருந்தாது. கல்லூரியில் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரு நகம் நின்ற இடத்தில் கற்ற பாடத்தை அவர் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

டேப் விவகாரமும் அந்த வாரம்தான். கம்ப்யூட்டர் சொன்ன நீளமும் மாஸ்டர் அளந்த நீளமும் ஒத்துவரவில்லை. இரண்டு நாள் முறுகல். கடைசியில் ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் கழுத்தில் வருடக்கணக்கில் தொங்கிய துணி டேப் 60 இன்ச்சில் ஒன்றரை நூல் நீண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் டேபிளின் கால் பக்கம் போட்டுவிட்டு, புது ஃபைபர் டேப் எடுத்து மாட்டிக்கொண்டார்.

எக்ஸ்எக்ஸ்எல்லில் கை இழுத்தது

எம் சைஸ் சாம்பிள் ஒரே தடவையில் அப்ரூவல் ஆனது. சைஸ் செட் தைத்தோம். எல் பரவாயில்லை. எக்ஸ்எல்லில் ஆர்ம்ஹோல் தையல் லேசாக அலையடித்தது. எக்ஸ்எக்ஸ்எல்லில் கை மூட்டிய இடம் முழுவதும் சுருக்கம். ஓவர்லாக் டெய்லரைக் கேட்டால், "கை பத்தலீங், இழுத்து இழுத்துத்தான் ஓட்டுனேன்" என்றார்.

அந்தப் பெண் ஸ்பெக் ஷீட்டில் இருந்த கிரேடிங்கை வரிக்கு வரி அப்படியே போட்டிருந்தார். அரை மார்பு சைஸுக்கு 2.5 செ.மீ., தோள் அகலம் 1.5, ஆர்ம்ஹோல் நேர் அளவு 1, கையின் அகலம் 1, கை நீளம் 1. ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஸ்பெக் ஷீட்டில் இருப்பவை எல்லாம் தைத்த சட்டையை மேசையில் போட்டு அளக்கும் நேர் அளவுகள். ஆர்ம்ஹோலின் வளைவு நீளமும் ஸ்லீவ் கேப்பின், அதாவது கைத் துண்டின் மேல் வளைவின், உயரமும் அதில் இருக்காது. ஷீட்டில் இல்லாததால் கேப் உயரத்துக்குக் கிரேடிங் பூஜ்யம் என்றே விட்டிருந்தார்.

அளந்து பார்த்தோம். எம் சைஸில் முன்னும் பின்னும் சேர்த்து ஆர்ம்ஹோல் வளைவு 46.0 செ.மீ.; கேப் 46.4. பொருத்தம் சரி. எக்ஸ்எக்ஸ்எல்லில் ஆர்ம்ஹோல் 53.2 ஆகிவிட்டது, கேப்போ 51.8 மட்டும். கை 1.4 செ.மீ. குறை. நிட் துணி என்பதால் டெய்லர் இழுத்துத் தைக்க முடிந்தது. நெய்த துணியாக இருந்திருந்தால் மூட்டவே முடிந்திருக்காது, பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். இழுபடும் துணி தப்பைக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டே போகும்.

கேப் உயரத்துக்கு சைஸுக்கு ஏறக்குறைய 0.7 செ.மீ. கொடுத்ததும் எல்லா சைஸும் பொருந்தின. மொத்தக் கை நீளம் மாறாமல் இருக்க வேண்டுமானால், கேப் ஏறிய அளவுக்கு அக்குள் பக்க நீளத்தைக் குறைக்க வேண்டும், அதையும் சரிசெய்தோம்.

மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் கையால் கிரேடிங் போட்ட காலத்தில் இது எப்படி வராமல் இருந்தது? அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஓட்டிப் பாத்துட்டுத்தானுங்களே வெட்டுவேன்?" என்றார். கை அட்டையின் கேப் ஓரத்தை உடம்பு அட்டையின் ஆர்ம்ஹோல் ஓரத்தில் வைத்து, தைப்பது போலவே அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டு போவது. ஒவ்வொரு சைஸுக்கும். இதற்கு மென்பொருளில் ஒரு தனிக் கட்டளை இருக்கிறது, பெயர் வாக். ஐந்து நாள் பயிற்சியின் நான்காம் நாள் பயிற்சியாளர் அதைக் காட்டினார். அது எதற்கு என்று தெரிந்த ஒரே ஆள் அன்று அறையில் இல்லை.

இந்தக் கட்டத்தில் நாங்கள் எடுத்த முடிவு சிறியது. கிரேடிங் ரூலைத் திருத்தினோம், வாக் செய்யாமல் எந்த சைஸும் வெளியே போகக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். பிரச்சினை ரூலில் இருந்தது, தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

நேவி லாட்

மூன்றாம் மாதம் புரொடக்‌ஷன். வெள்ளைத் துணி முதலில் வந்தது. பிராசஸிங்கிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் நீளச் சுருக்கம் 4 சதவீதம். எம் சைஸ் உடம்பு நீளம் 72 செ.மீ. வர வேண்டும். 72ஐ 0.96ஆல் வகுத்து 75.0 என்று பேட்டர்ன் வைத்தோம். வெள்ளை சரியாக வந்தது.

அடுத்து நேவி. அந்த லாட்டின் ரிப்போர்ட் வரவில்லை. மாஸ்டர் ஊர் நோம்பிக்கு இரண்டு நாள் லீவு. ஷிப்மென்ட் நெருக்கியது. ஒரே நூல், ஒரே ஜிஎஸ்எம், ஒரே பிராசஸிங் யூனிட். வெள்ளைக்குப் போட்ட மார்க்கரையே நேவிக்கும் பிளாட் எடுக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன். 600 பீஸும் வெட்டி முடிந்தன. 140 பீஸ் தைத்து, கீழ் ஹெம் வரை முடிந்திருந்தது.

லீவு முடிந்து வந்த மாஸ்டர் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த நேவி வேஸ்ட் துண்டு ஒன்றை எடுத்தார். நீளவாக்கில் ஒரு இழு, குறுக்காக ஒரு இழு. பிறகு அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லூப்பைப் பார்த்தார். "துணி இழுப்புல இருக்குதுங். ஃபினிஷிங்ல நீட்டீட்டானுங்க. கீழ அரை இன்ச் உட்டீங்களா?"

விடவில்லை. அவர் அதுவரை ஒவ்வொரு லாட் துணியையும் இப்படித் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கட்டிங்கில் "கீழ அரை இன்ச் விட்டு வெட்டு" என்று சொல்லிவிடுவாராம். மார்க்கர் வெளியே போட்ட காலத்தில் கேட் சென்டருக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவாராம். எத்தனை வருடமாக? "எப்பவுமே அப்பிடித்தானுங்." எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த அரை இன்ச் அட்டையில் இல்லை, ஸ்பெக் ஷீட்டில் இல்லை, எந்த நோட்டிலும் இல்லை.

பத்துப் பீஸை வாஷ் செய்து அளந்தோம். எம் சைஸ் 70.6, 70.7. டாலரன்ஸ் ஒரு செ.மீ.; 71க்குக் கீழே எல்லாம் ரிஜெக்ட். துணியில் டெஸ்ட் எடுத்தால் சுருக்கம் 5.8 சதவீதம். அன்று இரவு நான் போட்ட கணக்கு இது: தேவைப்பட்ட நீளம் 76.4. எங்கள் 75.0இல் மாஸ்டரின் அரை இன்ச், அதாவது 1.27 செ.மீ., சேர்ந்திருந்தால் வாஷுக்குப் பிறகு 71.8 வந்திருக்கும். லேப் ரிப்போர்ட் இல்லாமல், ஒரு வேஸ்ட் துண்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்த கை, இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் சொல்லிவிட்டது.

ஹெம் தைக்காத 460 பீஸுக்கு ஒரு வழி இருந்தது. 2 செ.மீ. மடிக்க வேண்டிய ஹெம்மை 1.5 மடித்தால் அரை செ.மீ. நீளம் திரும்பக் கிடைக்கும். ஹெம் அகலமும் ஸ்பெக்கில் இருப்பதால் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நடந்ததை மறைக்காமல் பையிங் ஆபீஸுக்கு எழுதினோம், ஒப்புதல் வந்தது. எம் சைஸ் வாஷுக்குப் பிறகு 71.1இல் நின்றது, ஒரு மில்லிமீட்டர் மிச்சத்தில். எக்ஸ்எக்ஸ்எல்லில் நீளம் கூடியதால் குறையும் கூடுதல். அதில் பதினேழு பீஸ் தப்பவில்லை. ஹெம் முடிந்த 140ஐப் பிரித்தால் ஊசித் துளை தெரியும். அவை தரம் குறைந்த செகண்ட்ஸாகப் போயின. நேவியில் குறைந்ததை ஈடுகட்டத் துணி வாங்கி மறுபடி வெட்டியதில் அந்தக் கலர் நான்கு நாள் தாமதம்.

எதை மாற்றினோம், ஏன்

முதல் யோசனை, எல்லா லாட்டுக்கும் லேப் ரிப்போர்ட் கட்டாயம் என்று ஒரு விதி போடுவது. போட்டோம். ஆனால் அது நேவிக்கான மருந்து மட்டும்தான். கேப் உயரம், அரை இன்ச் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன: மாஸ்டர் பேட்டர்ன் வெட்டுவதில் பாதி அட்டைக்கு வெளியே நடந்தது. நாங்கள் அட்டையை மட்டும் டிஜிடைஸ் செய்தோம். கை செய்தவற்றைக் கம்ப்யூட்டர் தானாகச் செய்யாது. சொன்னதை மட்டும் செய்யும். அப்படியானால் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் மாஸ்டர். நான் ஆசிரியர், மாணவர் இடத்தை மாற்றிப் போட்டிருந்தேன்.

நான்காம் மாதத்திலிருந்து முறையை மாற்றினோம். திரை இரண்டாம் இடத்துக்குப் போனது. எந்தத் திருத்தமும் முதலில் நிஜ அளவில் பிளாட் ஆகும். மாஸ்டர் பேப்பரில் பென்சிலால் திருத்துவார். அந்தப் பெண் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் புள்ளியை நகர்த்துவார், மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார். பேப்பர் செலவு கூடும் என்று முதலாளி முணுமுணுத்தார். இரண்டு மாதம் கேட்டேன், கொடுத்தார்.

சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினோம். ஒரு நூல் 0.32 செ.மீ., இரண்டு நூல் 0.64 என்று அரை இன்ச் வரை. பக்கத்திலேயே மாஸ்டரின் சொல்லும் அதற்கான கட்டளையின் படமும். "ஓட்டிப் பாக்கறது" என்று தமிழில், எதிரே வாக் ஐகான். "குழி எடுக்கறது" என்றால் வளைவுப் புள்ளியை உள்ளே தள்ளுவது. மெனுவில் நூற்றுக்கணக்கான கட்டளை இருந்தாலும் அவருக்கு ஏழே ஏழு: திற, அள, புள்ளி நகர்த்து, ஓட்டிப் பார், நாட்ச் (பொருத்தும் குறி) வை, தையல் விடு, பிளாட் எடு. மூன்று வாரத்தில் இவை கைக்கு வந்துவிட்டன.

இன்னொரு பக்கம், அந்தப் பெண்ணை இரண்டு வாரம் கட்டிங் டேபிளுக்கு அனுப்பினேன். அவருக்கு முதலில் வருத்தம்தான். படித்துவிட்டுத் துணி விரிக்கவா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மாஸ்டர்தான் தினமும் காலையில் இரண்டு ரோலிலிருந்து துண்டு வெட்டிக் கொடுத்து, "இதுல எது அதிகமா ஏறும், சொல்லு கண்ணு" என்று கேட்டு, சாயங்காலம் வாஷ் செய்து அளந்து காட்டினார். பத்தாவது நாள் அந்தப் பெண் ஐந்தில் நான்கு சரியாகச் சொன்னார்.

மாஸ்டர் வாயிலிருந்து வரும் எதையும் எழுதிவைக்க ஒரு நோட்டு. லைக்ரா கலந்த துணியை லே போடுமுன் ஒரு நாள் விரித்து ஆறவிடு. ரிப் கழுத்துப் பட்டி, கழுத்துச் சுற்றளவில் நூற்றுக்கு எண்பத்தைந்து. ரிப் தளர்வாக இருந்தால் எண்பத்திரண்டு. தோள் இரண்டையும் சேர்த்து வைத்துக் கழுத்து வளைவைப் பார், மூட்டிய இடத்தில் மூக்கு போல நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இப்படி நாற்பது பக்கம் வந்தது. சிலது ஒன்றுக்கொன்று முரண். அதையும் அப்படியே எழுதினோம். முரணை விசாரித்தால் துணி வேறு, வாஷ் வேறு என்று காரணம் கிடைத்தது.

சுருக்க டெஸ்ட்டை யூனிட்டிலேயே வைத்தோம். ஒவ்வொரு லாட்டிலும் மூன்று ரோலில், ஆறவிட்ட துணியில் 50க்கு 50 செ.மீ. சதுரம் அழியாத மையில் வரைந்து, கேர் லேபிளில் உள்ளபடி வாஷ் செய்து, காயவைத்து அளப்பது. 47.1 வந்தால் 5.8 சதவீதம். இதைச் செய்யும்போது இன்னொன்றும் அகப்பட்டது. மென்பொருளில் சுருக்கம் என்ற இடத்தில் 6 என்று போட்டால், அது நீளத்தை 1.06ஆல் பெருக்குகிறதா, 0.94ஆல் வகுக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. 100 செ.மீ. சதுரம் ஒன்றை வரைந்து கட்டளையைக் கொடுத்து அளந்தால் தெரிந்துவிடும்: 106.0 என்றால் பெருக்கல், 106.4 என்றால் வகுத்தல். நமக்கு வேண்டியது வகுத்தல். டி ஷர்ட்டில் இந்த வித்தியாசம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். 8 சதவீதம் சுருங்கும் துணியில் ஒரு மீட்டர் நீளமுள்ள பேன்ட் என்றால் முக்கால் செ.மீ.க்குப் பக்கத்தில் போய்விடும்.

எட்டு மாதத்துக்குப் பிறகு

சைஸ் செட் திருத்தம் ஒன்றரை நாளிலிருந்து அரை நாளாகக் குறைந்தது. கேட் சென்டருக்கு அட்டை போவது ஆறாம் மாதத்தோடு நின்றது. நீளம் குறைந்து ஒரு லாட் மாட்டியது அதற்குப் பிறகு இல்லை.

மாஸ்டர் இன்று வரை கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பேட்டர்ன் வரைவதில்லை. பிரவுன் பேப்பரில்தான் முதல் கோடு. ஆனால் டிஜிடைஸ் ஆனதும் ஓட்டிப் பார்ப்பதும் நாட்ச் வைப்பதும் அவரே. கழுத்துக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒரு விரலால்தான் தட்டுவார். எக்ஸ்எஸ் முதல் த்ரீஎக்ஸ்எல் வரை ஏழு சைஸையும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் பார்க்க முடிவது அவருக்குப் பிடித்துவிட்டது. அட்டையில் அது முடியாத காரியம்.

அவர் பிடித்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பீஸ்களை மென்பொருளே அடுக்கும் ஆட்டோ நெஸ்டிங் போட்ட மார்க்கரைப் பார்த்து, "கை ரெண்டும் கோணையா படுத்திருக்குதே" என்றார். துணி மிச்சமாகட்டும் என்று மென்பொருள் சிறு பீஸ்களை ஓரிரு டிகிரி சாய்க்க அனுமதி இருந்திருக்கிறது. நிட்டில் கிரெய்ன், அதாவது துணியின் நேர்வாக்கு, சாய்ந்தால் வாஷுக்குப் பிறகு கை முறுக்கும். சாய்வைப் பூஜ்யமாக்கினோம்.

ஒன்பதாம் மாதம் அந்தப் பெண் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போக வேண்டியதுதான். இதை எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை. அவர் இடத்துக்கு வந்த பையனுக்கு முதல் வாரம் பாடம் எடுத்தது மாஸ்டர், அந்த நோட்டை வைத்துக்கொண்டு.

மறுபடி தொடங்குவதானால்

மென்பொருள் வந்து இறங்குவதற்கு ஒரு மாதம் முன்பே நோட்டை ஆரம்பித்திருப்பேன். மாஸ்டர் பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்து, அவர் அட்டையை எடுத்ததிலிருந்து துணி வெட்டுவது வரை என்னென்ன சொல்கிறார், யாருக்குப் போன் போடுகிறார் என்று எழுதவைத்தாலே அந்த அரை இன்ச் கிடைத்திருக்கும்.

பழைய அட்டையை அப்படியே டிஜிடைஸ் செய்ய விடமாட்டேன். ஓரம் மழுங்கியது போகட்டும். எந்தத் துணிக்கு, எத்தனை சதவீதம் சுருக்கம் வைத்து வெட்டியது என்று அட்டையிலேயே எழுதியிராவிட்டால், புது பேப்பரில் வரைந்து எடுப்பதுதான் வழி. இப்போது சுருக்கம் சேர்க்காத அளவிலேயே கோப்பை வைக்கிறோம். லாட்டுக்கு ஏற்ப சுருக்கத்தை மேலே போட்டுத் தனிப் பெயரில் சேமிக்கிறோம்.

விற்பவர்களின் பயிற்சியை ஐந்து நாள் ஒரே மூச்சில் வாங்கமாட்டேன். ஒரு நாள், பிறகு ஒரு மாத வேலை, பிறகு இன்னொரு நாள். வாக் கட்டளையை எக்ஸ்எக்ஸ்எல்லில் கை இழுத்த பிறகு காட்டியிருந்தால் இருவருமே ஒரே நிமிடத்தில் பிடித்திருப்பார்கள்.

பையிங் ஆபீஸுக்கு டிஎக்ஸ்எஃப் அனுப்பியதில் நடந்த இரண்டு சிறு கோளாறையும் குறித்துவைக்கிறேன், வேறு யாருக்காவது நேரம் மிச்சமாகும். கிரேடிங் விவரம் ஆர்.யூ.எல். என்ற தனிக் கோப்பில் போகிறது. அதை இணைக்க மறந்து, அவர்களுக்கு எம் சைஸ் மட்டும் போய்ச் சேர்ந்தது. இன்னொரு தடவை, செ.மீ.இல் இருந்ததை அங்கே இன்ச்சாகத் திறந்து, இரண்டரை மடங்கு பெரிய சட்டையைப் பார்த்துப் பதறி எழுதியிருந்தார்கள். இப்போது ஒவ்வொரு கோப்பிலும் ஓரத்தில் 10 செ.மீ. சதுரம் ஒன்று போட்டு அனுப்புகிறோம்.

சரியாகாதது ஒன்று மிச்சம். லாட் டெஸ்ட்டுக்கு ஒரு நாள் வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கும்போது அந்த ஒரு நாளைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அங்கிருந்து மாறுவதற்குள் இரண்டு தடவை டெஸ்ட் இல்லாமலே துணி டேபிளுக்குப் போனது. இரண்டு தடவையும் மாஸ்டர் ரோல் ஓரத்தில் துண்டு வெட்டி இழுத்துப் பார்த்து, ஒன்றில் "போலாங்" என்றார், இன்னொன்றில் கால் இன்ச் விடச் சொன்னார். கால் இன்ச் சொன்ன தடவை, பையன் அதைக் கோப்பில் சேர்த்து, தேதியும் லாட் நம்பரும் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டான்.